செய்துபார்த்துக் கற்பிக்கும் சமூக அறிவியல்: வட சென்னையின் புதிய ஆசிரியருக்கு ஒரு வழிகாட்டி

பி.எட். முடித்துத் தண்டையார்ப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்த முதல் ஆண்டில், செயல்வழிக் கற்பித்தல் என்றால் மாணவர்களை மாதிரிகள் செய்துவரச் சொல்வது என்றே நான் நினைத்திருந்தேன். எரிமலை செய்துவாருங்கள் என்றேன். மறுவாரம் 11 எரிமலைகள் வந்தன. அவற்றில் 7 ஒரே கடையில் வாங்கியவை. மற்றவற்றைச் செய்தவர்கள் அம்மாக்களும் அண்ணன்களும். எரிமலை ஏன் வெடிக்கிறது என்று கேட்டபோது, வாங்கியவர்களுக்கும் தெரியவில்லை, செய்தவர்களுக்கும் தெரியவில்லை. பெற்றோருக்கு ஆன செலவை எண்ணி எனக்குக் கூச்சமாக இருந்தது.

அதன் பிறகு மூன்று ஆண்டுகள் தட்டுத்தடுமாறி, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று குறித்துவைத்ததை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். 6 முதல் 10 வரையிலான வகுப்புகளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். ஒரு வகுப்பில் 50 பேர், ஒரு பாடவேளை 40 நிமிடம், கையில் பெரிய நிதி கிடையாது என்பவையே உங்கள் நிலைமையும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. ஆண்டுக்கு ஆறு செயல்பாடுகள் போதும். அவற்றின் தேதியை ஜூன் மாதத்திலேயே குறியுங்கள்

எல்லாப் பாடத்துக்கும் ஒரு செயல்பாடு என்று தொடங்கினால் ஆகஸ்ட் மாதத்துக்குள் களைத்துவிடுவீர்கள், பாடமும் முடியாது. மாணவர் தாமே அளந்து ஓர் எண்ணைக் கண்டடையக்கூடிய பாடங்களை மட்டும் பாடநூலிலிருந்து பிரித்தெடுங்கள். புவி மாதிரி, நிலவரைபடம், மழை, கடற்கரை, சந்தை, உள்ளாட்சி ஆகியவை அதற்கு ஏற்றவை. மற்றவற்றை வழக்கம்போல் நடத்துவதில் குற்றம் ஒன்றும் இல்லை.

பிறகு நாட்காட்டியை விரித்துவையுங்கள். புவியியல் செயல்பாடுகள் பல நாம் விரும்பும் நாளில் நடப்பவை அல்ல. நம் ஊரில் நண்பகல் நிழல் மறையும் நாட்கள் ஆண்டுக்கு இரண்டே: ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் அவை வரும். ஏப்ரல் ஆண்டுத் தேர்வுக் காலம். ஆகவே நமக்கு உள்ளது ஆகஸ்ட் மட்டுமே. செப்டம்பர் 23 சம பகலிரவு நாள். காலாண்டுத் தேர்வு பெரும்பாலும் அதை ஒட்டியே வரும். மழைமானி அக்டோபர் முதல் வாரத்தில் தயாராக இருக்கவேண்டும். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு அழைத்துச் செல்வதென்றால், விசைப்படகுகள் கடலுக்குப் போகாத ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தைத் தவிர்த்துவிடவேண்டும். பள்ளி திறந்த உற்சாகத்தில் ஜூன் முதல் வாரத்திலேயே போய், கட்டிக்கிடந்த படகுகளைப் பார்த்துத் திரும்பியவன் நான்.

2. தாள்களை முன்னதாகவே எழுதி வாங்குங்கள்

பள்ளி வளாகத்துக்குள் நடக்கும் செயல்பாட்டுக்கு ஒரு பக்கத் திட்டம் போதும். வகுப்பு, பாடத்தின் பெயர், நாள், நேரம், மாணவர்கள் எங்கே இருப்பார்கள், என்ன எழுதுவார்கள் என்ற விவரங்களை எழுதித் தலைமை ஆசிரியரின் கையொப்பம் பெற்றுவிடுங்கள். "பிள்ளைகளை வெயிலில் நிறுத்தினார்" என்ற புகார் ஒருநாள் நிச்சயம் வரும். அன்று உங்களைக் காப்பாற்றப்போவது அந்தத் தாள்தான்.

வளாகத்துக்கு வெளியே செல்வதற்கு நான்கு தாள்கள் வேண்டும்: தலைமை ஆசிரியரின் எழுத்துமூல அனுமதி, ஒவ்வொரு பெற்றோரும் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம், மாணவர் பெயரும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் கொண்ட பட்டியலின் இரண்டு படிகள், நாம் செல்லும் இடத்தின் அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தின் ஒப்புகை. அரசுப் பள்ளியோ மாநகராட்சிப் பள்ளியோ ஆனால் மேலே உள்ள கல்வி அலுவலகத்தின் அனுமதியும் சேரும். அதைத் தலைமை ஆசிரியர் வழியாகவே கேட்கவேண்டும். மூன்று வாரம் முன்னதாகத் தொடங்குங்கள். என் முதல் கடிதம் எப்படிச் செல்வோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், உடன் வரும் ஆசிரியர்கள் யார் என்ற மூன்று விவரங்களும் இல்லாததால் திரும்பி வந்தது. அதற்குள் பயண நாளே கடந்துவிட்டது. பெற்றோர் கடிதத்தைத் தமிழில், ஐந்து வரிக்கு மிகாமல் எழுதுங்கள். இரவுப் பணி முடித்துவரும் அப்பாவும், விடியலில் கூடையோடு கிளம்பும் அம்மாவும் நின்றபடியே படித்துக் கையெழுத்திடும் கடிதமாக அது இருக்கவேண்டும்.

3. பொருட்கள்: முடிந்தவரை வாங்காதீர்கள்

வாங்கியே ஆகவேண்டியவை குறைவு: 5 மீட்டர் அளவு நாடா இரண்டு, கோணமானி, கட்டம் போட்ட தாள், சார்ட் அட்டை, ஒரு தூக்குக்குண்டு நூல். பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவிலும் பந்தர் தெருவிலும் தாள்களை மொத்தமாக வாங்கினால் பள்ளி வாசல் கடையைவிட மலிவாகக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை போய் மூடிய கதவுகளைப் பார்த்துத் திரும்பாதீர்கள். எனக்கு முழு ஆண்டுக்கும் ஆன செலவு ஏறத்தாழ 900 ரூபாய். முதல் ஆண்டில் எரிமலைக்காகப் பெற்றோர் செய்த செலவு அதைவிடப் பல மடங்கு.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். இணையத்தில் கிடைத்த இந்திய வரைபடத்தை அச்சிட்டுக் கண்காட்சிச் சுவரில் ஒட்டாதீர்கள். வெளிநாட்டுத் தளங்களின் படங்களில் காஷ்மீர் எல்லை வேறுவிதமாக இருக்கும். இந்திய நில அளவைத் துறை வெளியிட்டதற்கு மாறான எல்லையோடு வரைபடம் வெளியிடுவது 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விருந்தினர் வருவதற்கு அரை மணி நேரம் இருக்கையில் மாணவர்களின் சார்ட்டைக் கிழித்து இறக்கிய அனுபவம் எனக்கு உண்டு. வரைந்த பெண் அழுதுவிட்டாள். இந்திய நில அளவைத் துறையின் தளத்திலேயே எல்லைக்கோட்டு வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள்.

4. அளவையைக் கேரம் பலகையிலிருந்து தொடங்குங்கள்

"1:50,000" என்ற வரைபட அளவையை (படத்தில் 1 சென்டிமீட்டர் என்றால் நிலத்தில் 50,000 சென்டிமீட்டர்) எவ்வளவு விளக்கினாலும் அது மாணவருக்கு வெறும் கணக்காகவே நிற்கும். எங்கள் பகுதியில் கேரம் பலகை இல்லாத தெரு அரிது. போட்டிப் பலகையின் ஆடுபரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம். அதை நோட்டில் 1:10 என்ற அளவையில் வரையச் சொன்னால் 7.4 சென்டிமீட்டர் சதுரம் வரும். குழிகளையும் நடுவட்டத்தையும் அளந்து அதே விகிதத்தில் குறைத்து வரைவார்கள். ஒரு பாடவேளைக்குள் முடிந்துவிடும். அடுத்த நாள் வகுப்பறையை 1:50இல் வரையலாம். 6 மீட்டர் சுவர் 12 சென்டிமீட்டராகிவிடும். அதற்கடுத்து வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை, நீட்டிய அடிகளை எண்ணி வரையலாம்.

மாணவர்கள் பெஞ்சுகளைப் பக்கவாட்டிலிருந்து பார்ப்பதுபோல், நான்கு கால்களோடு வரைவார்கள். எல்லா ஆண்டும் இது நடக்கிறது. திட்டாதீர்கள், மாடிப்படியில் ஏற்றி, கீழே முற்றத்தில் வைத்த ஒரு நாற்காலியை மேலிருந்து பார்க்கவையுங்கள்.

திசைக்குக் கைப்பேசித் திசைகாட்டியை நம்பவேண்டாம். இரும்பு மேசைக்கருகே அது தாறுமாறாகத் திரும்பும். கடல் இருக்கும் பக்கம் கிழக்கு என்பது ராயபுரத்துக் குழந்தைக்குத் தெரிந்த செய்திதான். கடலைக் காணாத வியாசர்பாடி மாணவர்களுக்கு அடுத்த படியில் வரும் நிழலே திசையைக் காட்டிவிடும்.

5. ஒரு மீட்டர் குச்சியும் அதன் நிழலும்

ஒரே ஒரு செயல்பாட்டுக்குத்தான் உங்களுக்கு நேரம் உண்டு என்றால் இதைச் செய்யுங்கள். துடைப்பக் கழியை 100 சென்டிமீட்டருக்கு வெட்டி, ஒரு வாளி மணலில் செங்குத்தாக நட்டு, தூக்குக்குண்டு நூலால் சரிபார்த்து, திறந்த முற்றத்தில் வையுங்கள். 11.45 மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைச் சுண்ணக்கட்டியால் குறிக்கச் சொல்லுங்கள். நிழல் மிகக் குறுகும் நேரமே உண்மையான நண்பகல். அப்போது நிழல் விழும் கோடு வடக்கு-தெற்குக் கோடு.

நான் சறுக்கிய இடம் இது: பிப்ரவரியில் சரியாக 12 மணிக்கு அளந்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். நம் கடிகாரம் ஓடுவது 82½ பாகைத் தீர்க்கக்கோட்டின் நேரப்படி. சென்னை இருப்பதோ ஏறத்தாழ 80.3 பாகையில். ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம் நமக்கு நண்பகல் சுமார் 9 நிமிடம் பிந்தும். அதோடு புவி சூரியனைச் சுற்றும் வேகம் ஆண்டு முழுதும் ஒரே சீராக இல்லாததாலும், அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் அந்த நேரம் முன்னும் பின்னும் நகரும். பிப்ரவரி நடுவில் நண்பகல் 12.23க்கு வரும், ஆகஸ்ட் 18இல் 12.13க்கு, செப்டம்பர் 23இல் ஏறக்குறைய 12.01க்கு, நவம்பர் தொடக்கத்தில் 11.52க்கே வந்துவிடும். பெரும்பாலும் அது மதிய உணவு மணியோடு மோதும். ஆகவே கணித ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசி, அந்த ஒரு நாளுக்குப் பாடவேளையை மாற்றிக்கொள்ளுங்கள். அவருக்கும் இதில் ஒரு முக்கோணம் கிடைக்கிறது என்று சொன்னால் ஒத்துக்கொள்வார்.

உங்களுக்குக் கிடைக்கவேண்டிய அளவுகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மீட்டர் குச்சிக்கு, ஜூன் 21இல் நண்பகல் நிழல் தெற்கு நோக்கிச் சுமார் 18 சென்டிமீட்டர் விழும். ஆகஸ்ட் 18இல் நிழல் இருக்காது. அன்று மேகம் மூடினாலும் கவலைப்படவேண்டாம், முந்திய நாளும் மறுநாளும் அது ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாது. செப்டம்பர் 23இல் வடக்கு நோக்கி 23 சென்டிமீட்டர். டிசம்பர் 22ஐ ஒட்டி 74 சென்டிமீட்டர். நிழல் தெற்கிலிருந்து வடக்குக்குத் தாவிவிட்டதை மாணவர்கள் தம் சுண்ணக்கட்டிக் கோட்டில் பார்க்கும்போது, கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடையே சூரியன் நகர்வதாகத் தோன்றுவது ஏன் என்று அவர்களே கேட்கத் தொடங்குவார்கள்.

செப்டம்பர் அளவை மட்டும் வீணாக்காதீர்கள். 23 சென்டிமீட்டர் நிழலையும் 100 சென்டிமீட்டர் குச்சியையும் 1:10இல் செங்கோண முக்கோணமாக வரைந்து, குச்சியின் உச்சியில் உள்ள கோணத்தைக் கோணமானியால் அளந்தால் 13 பாகை வரும். அதுவே சென்னையின் அட்சக்கோடு. தேர்வு காரணமாக ஒரு நாள் முன்பின்னாக அளந்தாலும் அரைப் பாகைக்கும் குறைவாகவே மாறும். புவி மாதிரியில் அச்சிட்டிருக்கும் எண்ணைத் தம் பள்ளி முற்றத்திலேயே கண்டுபிடித்த வகுப்புக்கு, அட்சக்கோடு என்றால் என்னவென்று பிறகு ஒருமுறைகூட நான் விளக்கவேண்டியிருக்கவில்லை.

6. மலையே இல்லாத ஊரில் சம உயரக்கோடு

நிலத்தின் மேடுபள்ளங்களைக் காட்டும் தலப்படத்தை வைத்து, ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக்கோட்டைக் கற்பிக்க நினைப்பீர்கள். 1:50,000 தலப்படத்தில் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் வரையப்படுகின்றன. நம் பகுதியோ பெரும்பாலும் 10 மீட்டருக்கும் தாழ்ந்தது. படத்தில் நம் தெருக்களின் மேல் ஒரு கோடுகூட இருக்காது. முதலில் அரைச் சேனைக்கிழங்கைக் கவிழ்த்து ஒரு தட்டத்தில் வைத்து, ஒவ்வொரு சென்டிமீட்டராகத் தண்ணீர் ஊற்றி, நீர்மட்டம் தொடும் இடமெல்லாம் கோடு கீறி, மேலிருந்து பார்த்து வரையச் சொல்லுங்கள். பிறகு தலப்படத்தில் பரங்கிமலையைத் தேடினால் வளையங்கள் உடனே புரிந்துவிடும். (கிழங்கைத் தொட்ட கை அரிக்கும், புளித்தண்ணீர் தயாராக இருக்கட்டும்.)

அடுத்த நாள் நம் தெருவுக்கு வாருங்கள். மழைவெள்ளத்தில் யார் வீட்டில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்பது எங்கள் மாணவர்களுக்குப் பாடநூல் இல்லாமலே தெரியும். 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயல் வெள்ளத்தைக் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று கேட்டு, தெருப்படத்தில் மூன்று வண்ணங்களில் குறிக்கச் செய்தேன். ஒரே வண்ணப் புள்ளிகளைக் கோட்டால் இணைத்தபோது, தலப்படம் காட்டாத மேடுபள்ளம் வகுப்பறைச் சுவரில் தெரிந்தது. எந்தத் தெருவில் தண்ணீர் கடைசியாக வடிந்தது, அதற்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் எவ்வளவு தூரம் என்ற கேள்விகள் தாமாகவே வந்தன. வெள்ளத்தில் இழப்பைச் சந்தித்த பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். விருப்பமுள்ளவர் மட்டும் சொல்லட்டும், வீட்டு எண்ணோ பெயரோ படத்தில் வேண்டாம்.

7. மழைமானி: விடுமுறையை எண்ணிச் செய்யுங்கள்

இடுப்பு ஒடுங்காத 2 லிட்டர் பாட்டிலின் கழுத்தை வெட்டிப் புனலாகக் கவிழ்த்து, அடிப்பகுதியின் வளைவு மறையும்வரை கூழாங்கல்லும் தண்ணீரும் இட்டு, அங்கிருந்து மில்லிமீட்டர் கோடு ஒட்டுங்கள். வாயும் உடலும் ஒரே அகலம் என்பதால் நேரடியாகவே அளவைப் படிக்கலாம். அருகில் சுவர் இருந்தால் அதன் உயரத்தைப்போல் இரு மடங்கு தள்ளி வையுங்கள். தினமும் காலை 8.30க்குப் படியுங்கள்; வானிலைத் துறையின் நாளும் அப்போதுதான் தொடங்குகிறது என்பதால் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் அளவுகளோடு ஒப்பிடலாம்.

பெருமழை நாளில் பள்ளிக்கு விடுமுறை. பதிவேட்டில் தூறல் நாட்களெல்லாம் இருக்கும், கனமழை நாட்கள் காலியாக இருக்கும். என் முதல் ஆண்டுக் கணக்குப்படி சென்னை ஒரு பாலைவனம். ஆகவே மொட்டைமாடி உள்ள ஐந்து மாணவர் வீடுகளிலும் ஆளுக்கொன்று வையுங்கள். சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் சுமார் 60 விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது. அளவுகளைக் கூட்டிப் பார்க்க அது போதும்.

8. மெரினா ஏன் அகலம், நம் கரையில் ஏன் பாறை

காசிமேட்டில் மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டிகளில் பழையதொன்றைக் கேட்டு வாங்குங்கள். (தெர்மாகோல் எனக்கும் பிடிக்காதுதான், குறைந்தது இது இரண்டாம் முறை பயன்படுகிறது. வாடை போக எலுமிச்சை தேய்த்து இரண்டு நாள் வெயிலில் காயவையுங்கள்.) நீளப்பக்கம் ஒன்றில் ஈர மணலைக் கரையாகச் சரித்து, மறுபக்கம் தண்ணீர் ஊற்றி, "தெற்கு" என்று குறித்த மூலையிலிருந்து ஓர் அளவுகோலால் சாய்வாக அலை எழுப்புங்கள். மணல் மெல்ல "வடக்கு" நோக்கி நகரும். இப்போது கரையின் நடுவே, கடலுக்குள் நீட்டியபடி ஒரு செங்கல்லை வையுங்கள். அதன் தெற்கே மணல் சேரும். வடக்கே கரை அரிக்கப்படும். செங்கல் துறைமுகம் என்றால், தெற்கே சேர்வது மெரினா, வடக்கே கரைவது ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலான நம் கரை. அலைக்கு எதிராகக் கொட்டிய கருங்கற்களின் மேல் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைவிடக் கூடுதல் விளக்கம் தேவைப்படாது. அலையை வேகமாக எழுப்பினால் கரை மொத்தமாகச் சரிந்துவிடும். 20 நிமிடம் பொறுமையாகச் செய்யவேண்டும். முந்திய நாள் வீட்டில் ஒருமுறை நீங்களே செய்துபார்க்காமல் வகுப்புக்குக் கொண்டுவராதீர்கள்.

9. காசிமேட்டு ஏலம்

பொருளியலில் தேவையும் அளிப்பும் வரும் இடத்தில் இது பொருந்தும். ஏலத்தின் சூடு விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும் என்பதால் முழு வகுப்பையும் அழைத்துச் செல்வது நடவாது. பெற்றோரோடு வரக்கூடிய பத்துப் பேர், இரண்டு ஆசிரியர், வழுக்காத செருப்பு, படகுத்துறை விளிம்பிலிருந்து விலகி நிற்கும் இடம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஞாயிறு வேண்டாம், கூட்டம் நெரியும். வஞ்சிரம், சங்கரா, இறால் என மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை விலையைக் குறிக்கச் செய்யுங்கள். மீதிப் பேருக்கு அந்த எண்களே பாடம்.

மீனவர் வீட்டுப் பிள்ளைகளை முன்னே நிறுத்துங்கள். வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றின் பெயர்களை நான் பலகையில் எழுதியபோது, தேர்வில் எப்போதும் பின்தங்கும் ஒரு பையன் எழுந்து, எந்தக் காற்றில் எந்தப் பக்கம் வலை விடுவார்கள் என்று பத்து நிமிடம் பேசினான். அன்று வகுப்பை நடத்தியது அவன்தான்.

10. குடிமையியலுக்கு ஒரே ஒரு மனு

மாதிரி நாடாளுமன்றம் பெரும்பாலும் கூச்சலில் முடிகிறது. அதைவிட, எரியாத தெருவிளக்கு ஒன்றைத் தேர்ந்து, அது மாநகராட்சியின் 200 வார்டுகளில் எதில் வருகிறது என்று கண்டுபிடித்து, கம்பத்தின் எண்ணோடு மனு எழுதி, 1913 என்ற எண்ணில் புகாரும் பதிந்து, புகார் எண்ணையும் விளக்கு எரிந்த நாளையும் குறிப்பது மேல். புகாரைப் பதிவது பெரியவர் ஒருவராக இருக்கட்டும்.

11. மதிப்பெண்ணும் பதிவும்

வளரறி மதிப்பீட்டுக்கு அழகான சார்ட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். அளவு அலகோடு எழுதப்பட்டிருக்கிறதா, நேரம் குறிக்கப்பட்டிருக்கிறதா, விடை எதிர்பார்த்ததிலிருந்து ஏன் மாறியது என்று ஒரு வரியேனும் இருக்கிறதா என்ற மூன்றையும் பாருங்கள். நிழல் 23க்குப் பதில் 26 என்று எழுதி, "குச்சி சாய்ந்திருந்தது" என்று சேர்த்தவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். பக்கத்து நோட்டைப் பார்த்து 23 என்று திருத்தியவருக்குக் குறையுங்கள். இதை முதல் நாளே சொல்லிவிடவேண்டும். இல்லையெனில் 50 நோட்டிலும் ஒரே எண் இருக்கும்.

நிழல், மழை, மீன் விலை ஆகியவற்றை வகுப்புக்கென ஒரே நீண்ட நோட்டில் தேதியோடு ஏற்றிவையுங்கள். அடுத்த ஆண்டு மாணவர் ஒப்பிட அது வேண்டும். பள்ளி மாறிச் செல்ல நேர்ந்தால், குச்சியையும் அளவு நாடாவையும் அந்த நோட்டையும் உங்களுக்கு அடுத்து வரும் ஆசிரியர் பெயரெழுதிய பெட்டியில் வைத்து, சாவியை அலுவலக உதவியாளரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.